உள்ளே விடாத துணி

கண்ணு, இந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்கும் முன்னால் ஒரு வேலை செய். பட்டாளத்தில் உனக்குக் கொடுத்த அந்தக் கனத்த குளிர் கோட்டைக் கழற்றி, உள்பக்கம் திருப்பி, அக்குளில் தொடங்கி இடுப்பு வரைக்கும் ஓடுகிற தையலை விரலால் தடவிப் பார். இரண்டு விரல் அகலத்துக்குத் துணி உள்ளே மடங்கிக் கிடக்கிறதா? கிடக்காது. எனக்குத் தெரியும். நேற்றுக் காலையில்தான் தெரிந்தது, நீ வண்டி ஏறிப் பதினோரு நாள் கழித்து.

நேற்றே தந்தி கொடுத்துவிட்டேன். "கோட்டை உடனே மாற்று, அப்பா" என்று. ஆனால் அதைப் பார்த்து நீ ஒன்றும் செய்திருக்க மாட்டாய். கிழவனுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை என்று மடித்துப் பையில் போட்டிருப்பாய். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? காரணம் சொல்லாமல் எதைச் சொன்னாலும் நீ கேட்கமாட்டாய். அதனால் காரணத்தைச் சொல்கிறேன். பதினான்கு வருஷமாக இந்த வீட்டில் யாரிடமும் சொல்லாத காரணம்.

பயிற்சி முடிந்து லீவில் வந்த அன்று, வெலிங்டன் கடைவீதியில் நம் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அந்தக் கோட்டை வெட்டுமேசை மேல் விரித்துப் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? முதல் போஸ்டிங், அதுவும் பனிமலைக்கு. உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "அப்பா, இதைக் கொஞ்சம் புடிச்சுக் குடுங்க. மூட்டைக்குள்ள பூந்த மாதிரி இருக்குதுங்க" என்றாய். முடியாது என்றேன். "ஏனுங்க?" என்றாய். "முடியாதுன்னா முடியாது. அதென்ன நோண்டி நோண்டிக் கேக்கறது?" என்றேன். அப்போது கடையில் இரண்டு பட்டாளத்துப் பையன்கள் பொத்தான் தைக்க நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் உனக்கு மானம் போய்விட்டது. "ஊரான் பசங்களுக்கெல்லாம் தைக்கறீங்க, பெத்த பையனுக்குன்னா கை வராதா? அண்ணனுக்கு மட்டும் செஞ்சு குடுத்தீங்கல்ல, போட்டோவுல பாத்துட்டுத்தான இருக்கறேன்" என்று நீ கேட்டதும் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கோட்டைச் சுருட்டி உன் மூஞ்சியிலேயே விட்டெறிந்தேன். "இதுல எவனாச்சும் கத்தரி வெச்சீங்கன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அதற்குப் பிறகு லீவு முடிகிறவரை நீ என்னோடு பேசவில்லை. கிளம்பும்போதும் அம்மாவைப் பார்த்துத்தான் "போயிட்டு வர்றனுங்க" என்றாய். நான் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் அழுதிருப்பேன், அது வேறு விஷயம்.

நீ கேட்டதில் தப்பில்லை, சாமி. வாலிபப் பையன் எடுப்பாக இருக்க ஆசைப்படாமல் வேறு எவன் ஆசைப்படுவான்? முப்பத்து நான்கு வருஷமாக இந்தக் கடையில் அந்த ஆசையைத்தான் நான் தைத்துக் கொடுத்து வயிறு வளர்த்தேன். எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே நிறம், ஒரே முடிவெட்டு. அதற்குள் தான் மட்டும் தனியாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொருவனும் தவிப்பான். ஒருத்தன் சட்டை முதுகில் இரண்டு மடிப்புப் பிடித்து, உடம்போடு ஒட்டினாற்போல் தைக்கச் சொல்வான். இன்னொருத்தன் கால்சட்டை மடிப்பு எந்த மழையிலும் கலையக்கூடாது என்று மடிப்பின் மேலேயே நூல் ஓட்டச் சொல்வான். தொப்பியை வெந்நீரில் முக்கித் தலையிலேயே காயவைத்துக்கொண்டு, காதுப் பக்கம் சரிவாக நிற்கிறதா என்று என் கடைக் கண்ணாடியில் பத்துத் தடவை பார்ப்பான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், தோட்டா வைக்கிற கான்வாஸ் பைக்கு உள்பக்கம் தன் பெண்டாட்டியின் பழைய சேலைத் துணியைப் பூ தெரிகிற மாதிரி வைத்துத் தைக்கச் சொன்னான். பரேடில் பிடித்தால் தோலை உரிப்பார்கள் என்றேன். "உள்ள யாரு பாக்கப் போறா அண்ணாச்சி, எனக்குத் தெரிஞ்சாப் போதும்லா" என்றான். அவர்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டே நான் எல்லாவற்றையும் ஆசை ஆசையாகச் செய்து கொடுத்தேன்.

அதில் எனக்கென்று ஒரு பேர் இருந்தது. மற்ற தையற்காரர்கள் ஒரு சட்டையையோ கோட்டையோ சிறிதாக்கினால், மிச்சத் துணியை உள்ளே மடித்து விட்டுவிடுவார்கள். நாளைக்கு உடம்பு போட்டால் தையலைப் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் உள்ளே துணி இருந்தால் வெளியே லேசாகத் தடிக்கும், இஸ்திரி போட்டாலும் கோடு காட்டிக் கொடுத்துவிடும். நான் விடமாட்டேன். ஒட்ட வெட்டி எறிந்துவிடுவேன். உடம்பிலேயே முளைத்த மாதிரி நிற்கும். எங்கோ வடக்கே ரயிலடியில் ஒரு சிப்பாயைப் பார்த்து இன்னொரு சிப்பாய், "வெலிங்டன்ல தெச்சதா?" என்று கேட்டானாம், அந்தப் பையன் வந்து சொன்னபோது எனக்குப் பூமியில் கால் பாவவில்லை. எதிர்க்கடை ராஜு என் தையல் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்துத்தான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டான். அதற்கும் பெருமைப்பட்டேன்.

இப்போது உன் அண்ணனிடம் வருகிறேன். செந்திலுக்கும் உனக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அவன் போனபோது உனக்கு ஆறு வயது. தோளில் உன்னைத் தூக்கிக்கொண்டு கடைவீதியெல்லாம் சுற்றுவானே, அதுகூட உனக்கு நினைவிருக்காது. அவனும் இதே மாதிரிதான் பனிமலைக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு, இதே மாதிரி ஒரு கோட்டை அதே மேசை மேல் விரித்தான். "அப்பா, சிக்குனு புடிச்சுக் குடுங்க, போற எடத்துல எவன்டா இவன்னு பாக்கோணும்" என்றான். உன் அம்மாதான் தடுத்தாள். "ஏனுங்க, உள்ளுக்கு ஸ்வெட்டரு போடோணுமல்லோ? லூசாவே இருக்கட்டுமுங்க" என்றாள். அவன் சிரித்தான். "ஏம்மா, நாமெல்லாம் ஊட்டிக் குளுருல பொறந்தவங்க. நாலு ஸ்வெட்டரு கீழ்நாட்டுப் பசங்களுக்குத்தான் வேணும்" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். தை மாதத்தில் பக்கத்து ஊர் ஜெகதளாவின் தேயிலைச் செடிமேல் பனி உறைந்து கிடக்கையில் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள், எங்களுக்கே குளிரைப் பற்றிச் சொல்கிறாயா என்று உன் அம்மாவை அடக்கினேன். குளிர் என்றால் நமக்குத் தெரிந்த குளிர்தான் என்று நினைத்தேன், பார். அந்தத் திமிர் கீழ்நாட்டுக்காரன் எவனுக்கும் வந்திருக்காது.

இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு அங்குலம் பிடித்தேன். ஓரத்தை ஒட்ட வெட்டினேன். வெட்டின துண்டுகளை ஒட்டுப்போட்டு உனக்கு ஒரு குல்லா தைத்துக் கொடுத்தேன், நீ அதைப் போட்டுக்கொண்டு அண்ணனுக்கு சல்யூட் அடித்தாய். மறுநாள் குன்னூர் ஸ்டுடியோவில் அந்தக் கோட்டோடு போட்டோ எடுத்தான். அந்தப் போட்டோதான் நம் வீட்டில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் "என்ன எடுப்பு, என்ன எடுப்பு" என்பார்கள். "அவங்கப்பா கைவேலைங்க" என்று உன் அம்மா சொல்வாள். பதினான்கு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு, அந்தப் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து நான் சோறு தின்றிருக்கிறேன்.

அவன் பனிமலைக்குப் போய் ஒரு மாதத்தில் அவனிடமிருந்து ஒரு கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. "அப்பா, இங்கே ஸ்வெட்டருக்கு மேல் பஞ்சு வைத்த உள்கோட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் நம் கோட்டு ஏறவில்லை, பொத்தான் எட்டவில்லை. தையலைப் பிரித்தால் விடுமா? உள்ளே துணி விட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தான். நான் என்ன எழுதியிருக்க வேண்டும்? "விடவில்லை சாமி, தப்புப் பண்ணிவிட்டேன், ஸ்டோரில் சொல்லி வேறு கோட்டு வாங்கிக்கொள்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியதை உனக்கு அப்படியே சொல்கிறேன். "என் அளவு ஒருநாளும் தப்பாது. நீ உட்கார்ந்து தின்று உடம்பு போட்டிருப்பாய். நாலு நாள் ஓடு, ஏறும்." பாதி விளையாட்டுக்கு எழுதினேன், பாதி ரோஷத்தில் எழுதினேன். என் வேலையைக் குற்றம் சொல்லிவிட்டானே என்ற ரோஷம், அதுவும் பெற்ற பிள்ளையிடம்.

அவன் உடலைக் கொண்டுவந்த பிறகு, பெட்டியைக் கொடுக்க அவன் கூட்டாளி தாமஸ் வந்தான். கூடலூர்ப் பையன். அம்மாவிடம் நிமோனியா என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைக்கு வந்து என்னிடம் தனியாகப் பேசினான். உள்கோட்டைப் போட்டால் வெளிக்கோட்டு மூடாது, வெளிக்கோட்டை மூடினால் உள்கோட்டைப் போட முடியாது. உன் அண்ணன் ஒரே ஒரு ஸ்வெட்டரோடு கோட்டை மூடிக்கொண்டு அந்தப் பனியில் காவல் நின்றிருக்கிறான். "ஸ்டோர்ல போய்ச் சொல்லுடான்னு எத்தனை தடவை பறைஞ்சேன் தெரியுமா அப்பா? கேட்கவே மாட்டான். சர்க்கார் கோட்டை ஆரு வெட்டினதுன்னு கேட்பாங்க, எங்கப்பா பேரைச் சொல்லணும், அப்புறம் அந்தக் கடைக்குப் பட்டாளத்துக்காரன் ஒருத்தனும் போகப்படாதுன்னு ஆர்டர் போட்டுருவாங்க, தம்பி சின்னப் பையன்டான்னு சொல்லுவான். என் கோட்டை ரெண்டு மூணு நாள் மாத்திக் கொடுத்தேன். நானும் ட்யூட்டி நிக்கணுமே அப்பா" என்று சொல்லி அந்தப் பையன் என் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதான். காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. நான்கு நாள் விடாமல் பனி கொட்டியதில் கீழே இறக்கவும் முடியவில்லை, டாக்டர் மேலே வரவும் முடியவில்லை. ஐந்தாவது நாள் பனி நின்றிருக்கிறது. அதற்குள் முடிந்துவிட்டது.

போகும்போது தாமஸ் ஒரு காகிதத்தைக் கொடுத்தான். உன் அண்ணன் சட்டைப் பையில் இருந்ததாம். நான் எழுதின கடிதம். வீட்டுக்குக் கொண்டு போகத் தைரியமில்லாமல் இஸ்திரிப் பெட்டிக் கரிக்குள் திணித்தேன். அதே பெட்டியில் அன்று சாயங்காலம் யாருடைய சட்டைக்கோ இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது கண்ணு, எப்படிச் செய்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம் நான் உள்ளே துணி விடாமல் ஒரு தையல் போட்டதில்லை, குளிர் கோட்டு ஒன்றைத் தொட்டதில்லை. "பெரியவருக்குக் கை தளந்துபோச்சு, தையல் தடிக்குது" என்று பையன்கள் ராஜு கடைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். ஆனால் போகிறவனைக் கூப்பிட்டு, ஏன் தடிக்கிறது என்று சொன்னேனா? ராஜுவைக் கூப்பிட்டுச் சொன்னேனா? வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவருமே. நீ பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் வரிசையில் நின்றாய் என்று தெரிந்த அன்றாவது சொல்லியிருக்கலாம். உன் அம்மா அழுதாள், நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டோவைப் பார்த்துப் பார்த்தே நீ வளர்ந்தாய் என்று தெரிந்தும் சும்மா இருந்த பாவி நான்.

நேற்றுக் காலையில் டீக்கடையில் ராஜு பக்கத்தில் வந்து நின்றான். "ஏனுங்ணா, ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. தம்பி கோட்டை நாந்தான் புடிச்சுக் குடுத்தனுங்க. அப்பாகிட்டச் சொல்லாதீங்கன்னுச்சு, மனசு கேக்கலீங்க" என்றான். டீ கிளாசை அப்படியே கீழே வைத்துவிட்டேன். "உள்ள துணி விட்டியாடா?" என்றேன். "இல்லீங்ணா, வெட்டிப்போட்டேன். தம்பி அவங்கண்ணன் போட்டோவச் சின்னதா பாக்கெட்லயே வெச்சிருந்துச்சு. இதே மாதிரி நிக்கோணும்னுச்சு. உங்க தையல் எனக்குத் தெரியாதுங்களா? நூல் பிசகாம அப்படியே பண்ணிட்டனுங்க" என்றான் பெருமையாக. அவனை என்ன சொல்லித் திட்டுவேன்? சட்டையைப் பிடிக்கப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது.

அங்கிருந்து நேராகப் பேரக்ஸ் கேட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சுபேதார் ஒருத்தரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், திட்டாமல் கேட்டார். "எங்க கையில ஒன்னுமில்லீங்க. அவனே அவங்க ஸ்டோர்ல போய் ஒப்புக்கிட்டா மாத்திக் குடுப்பாங்க. கொஞ்சம் தண்டனை இருக்கும், அவ்வளவுதான். அவனுக்கு எழுதுங்க" என்றார். கொஞ்சம் தண்டனை, அவ்வளவுதான். இதைக் கேட்கத்தான் ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பதினான்கு வருஷம் கழித்துப் போயிருக்கிறேன்.

தந்தி ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். "நான் அந்தப் போட்டோவுக்குத் தெனமும் பூ வெச்சனுங்க. நீங்க பாத்துட்டு உக்காந்திருந்தீங்க" என்றாள். பிறகு, "சின்னவனுக்கு எழுதுங்க. ஒன்னு விடாம எழுதுங்க" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. இன்று காலையில் சோறு போட்டு வைத்திருந்தாள், கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

சாமி, இதைப் படித்து முடித்ததும் எழுந்து போ. நாளைக்கு என்று வைக்காதே, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே. ஸ்டோரில் போய், கோட்டு சேரவில்லை, வெட்டியிருக்கிறது, வேறு வேண்டும் என்று சொல். மூட்டை சுமந்து ஓடச் சொல்வார்கள், ஓடு. மற்றப் பையன்கள் முன்னால் நிற்கவைத்துத் திட்டுவார்கள், வாங்கிக்கொள். புதுக் கோட்டு மூட்டை மாதிரி தொங்கும், தொங்கட்டும். எவனாவது சிரித்தால் அவனுடைய கோட்டையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கச் சொல். யார் வெட்டினது என்று கேட்பார்கள். ராஜு பேரைச் சொல்லாதே. அவன் போட்டது என் தையல். என் பேரைச் சொல், கடை எங்கே இருக்கிறது என்று அடையாளம் சொல். கடைக்கு வரக்கூடாது என்று உத்தரவு போட்டால் போடட்டும். உன் அண்ணன் எந்தக் கடையைக் காப்பாற்ற வாயைத் திறக்காமல் நின்றானோ, அந்தக் கடையில் மிஷின் ஓடுகிற சத்தத்தை என்னால் இனிமேல் கேட்க முடியாது.

ஸ்டோரில் நம்பமாட்டோம் என்றால் இந்தக் கடிதத்தையே நீட்டு. தமிழ் தெரியாத ஆபீசராக இருந்தால் நீயே படித்துச் சொல். உன் அப்பன் ரோஷத்தில் என்ன எழுதினான் என்கிற இடத்தை எனக்காகத் தாண்டிப் போகாதே, அதையும் படி. படிக்கப் படிக்க என்மேல் உனக்கு என்ன தோன்றினாலும் அது நியாயம்தான். அடுத்த லீவில் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமல் போனாலும் நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

கோட்டு மாற்றியானதும் அம்மாவுக்கு ஒரு வரி எழுதிப் போடு. எனக்கு எழுத வேண்டாம். அவள் அதைப் படித்து எனக்குச் சொல்லமாட்டாள். நான் தினமும் கடைவீதி முனையில் நின்று, நம் வீட்டுக்குக் கடிதம் ஏதாவது வந்ததா என்று தபால்காரரிடம் கேட்டுக்கொள்கிறேன். வந்தது என்று அவர் சொன்னால் எனக்கு அது போதும்.